பிள்ளை யாரோடு? வாசகர் கேள்வி - பதில்

பாலக்காட்டு எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில், விவாகரத்து, பிள்ளை கஸ்டடி பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் பாதிக்கு மேல் அப்பாக்கள். பதில்களைக் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீலும் குழந்தைகள் மனநல ஆலோசகரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்கள் வேண்டாம் என்பதால் ஊர் மட்டும்.

கேள்வி: 'கிராமர் வெர்சஸ் கிராமர்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். மனைவி விட்டுப் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்க்கிற அப்பாவிடமிருந்து கோர்ட் பிள்ளையைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்துவிடுகிறது. நம் ஊரிலும் அப்பா என்றால் இதுதான் கதியா? (கொழிஞ்சாம்பாறை)

1979-ல் வந்த படம் அது. ராபர்ட் பென்டன் இயக்கியது, சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர் வாங்கியது. நியூயார்க் கதை. சின்னப் பிள்ளை என்றால் அம்மாவிடம்தான் என்ற நினைப்பு அந்த ஊர் கோர்ட்டுகளிலும் ஊறிப்போயிருந்த காலம்.

நம் சட்டத்தின் எழுத்து கொஞ்சம் வேறு. 1956-ம் வருட இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ம் பிரிவு அப்பாவை இயற்கைப் பாதுகாவலர், அதாவது பிள்ளைக்குச் சட்டப்படி முதல் பொறுப்பாளி என்கிறது. கையோடு, 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் 13-ம் பிரிவு அடக்கிவிடும்: பிள்ளையின் நலனுக்குத்தான் முதலிடம். அதே 6-ம் பிரிவில் உள்ள 'அப்பாவுக்குப் பிறகு அம்மா' என்ற வாசகத்துக்குக்கூட 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு பொருள் சொல்லிவிட்டது. அப்பா உயிரோடு இருந்தும் பிள்ளையைக் கவனிக்காத நிலையில், அம்மாவே பாதுகாவலராக இருக்கலாம். ஆக, பாதுகாவலர் என்ற பட்டத்தைக் காட்டி எந்த அப்பாவும் கஸ்டடி வாங்க முடியாது. அம்மா என்பதற்காக மட்டும் 8 வயதுப் பையனைத் தூக்கிக் கொடுத்துவிடவும் மாட்டார்கள்.

படத்தில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கோர்ட் காட்சியில் அம்மாவின் காதலர்களைப் பற்றி ஒரு வக்கீல் குடைகிறார். பையன் விளையாடும்போது விழுந்து அடிபட்டதையும் அப்பாவின் வேலை போனதையும் இன்னொருவர் கிளறுகிறார். நம் அப்பாக்கள் போடும் முதல் மனுவும் இதே ரகம்தான். 20 பக்கம் மனைவியின் குற்றப்பட்டியல். பிள்ளை எந்த வகுப்பு, யார் சோறு போடுகிறார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. கஸ்டடி மனுவை விசாரிக்கும் நீதிபதி தேடுவது அந்த இரண்டு வரியை.

கேள்வி: நாங்கள் வேலந்தாவளத்தில் குடியிருந்தோம். 3 மாதத்துக்கு முன்பு மனைவி 4 வயது மகளோடு பொள்ளாச்சியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாலக்காட்டில் கேஸ் போடுவதா, கோவைப் பக்கமா?

இரண்டு கேஸ், இரண்டு கணக்கு. விவாகரத்து மனுவைக் கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் என்று எதில் வேண்டுமானாலும் போடலாம். மனைவி போடுவதானால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம். பிள்ளைக்காகத் தனியே போடும் மனு 1890-ம் வருட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் வருகிறது. அதன் 9-ம் பிரிவு கேட்பது ஒன்றே ஒன்று: பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறது?

'வழக்கமாக' என்ற சொல்லில்தான் உங்கள் 3 மாதம் சிக்கியிருக்கிறது. ஒருவர் தூக்கிக்கொண்டு போன மறுநாளே பிள்ளையின் ஊர் மாறிவிடாது. ஆனால் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, மகள் பொள்ளாச்சியில் எல்கேஜி சேர்ந்த பிறகு பாலக்காட்டில் மனு போட்டால் எல்லைத் தகராறிலேயே பல வாய்தா போய்விடும். போடுவதென்றால் இப்போதே. அங்கன்வாடி வருகைப் பதிவு, ஆரம்ப சுகாதார நிலையத்துத் தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். மகள் வேலந்தாவளத்துப் பிள்ளை என்பதைக் காட்டுகிற காகிதங்கள் இவைதான். மலையாளத்தில் உள்ளவற்றை இப்போதே மொழிபெயர்த்து வையுங்கள். கேஸ் கோவைக்குப் போனால் தேவைப்படும்.

விவாகரத்து மனு ஏற்கெனவே நிலுவையில் இருந்தால், இந்து திருமணச் சட்டம் 26-ம் பிரிவில் அதே கோர்ட்டில் இடைக்கால கஸ்டடி கேட்கலாம். தனி மனு தேவையில்லை.

எல்லையில் இருப்பவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம்: பாலக்காடு எர்ணாகுளத்து ஹைகோர்ட்டின் கீழே, கோவை சென்னை ஹைகோர்ட்டின் கீழே. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான் என்றாலும், ஒரு கேஸை இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டுமானால் சிவில் நடைமுறைச் சட்டம் 25-ம் பிரிவில் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கைக்குழந்தையோடு தனியாக வர முடியாது என்று மனைவி கேட்டால் பெரும்பாலும் அவர் பக்கம்தான் சாயும். அதைக் கணக்கில் வைத்தே முதல் மனுவை எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள். பிள்ளைக்கான கேஸ் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளும் மாறும். தமிழ்நாட்டில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பதைக் கேரளத்தில் ஓ.பி. என்று போட்டு அடைப்புக்குள் ஜி அண்ட் டபிள்யூ என்று எழுதுவார்கள். குழப்பம் வேண்டாமென்றால் ஒவ்வொரு கேஸுக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடும்.

உங்கள் மகளுக்கு 4 வயதுதான். 'சாதாரணமாக அம்மாவிடம்' என்ற வரி உங்களுக்கு எதிரே நிற்கிறது. அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாது என்று உறுதியாகக் காட்ட ஏதும் இல்லாவிட்டால், இப்போது முழு கஸ்டடிக்கு மல்லுக்கட்டுவதைவிட, வாரம் தவறாமல் பார்க்கும் உரிமையை இடைக்கால உத்தரவாக வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு வருடம் ஒழுங்காகப் பார்த்துவந்த அப்பாவின் அடுத்த மனுவுக்கு எடை அதிகம்.

மனைவி வீட்டு வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கோர்ட் உத்தரவு ஒன்று இருந்து அதை மீறிவிட்டால் அவமதிப்பு வழக்கும் வரும், கேஸும் கையை விட்டுப் போகும்.

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். 7 வயது மகன் என்னோடு பாலக்காட்டுச் சித்தூரில், இங்கேதான் பள்ளி. மனைவிக்குக் கோவையில் வேலை. ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

முதலில் கால அளவு. ஒரு வருடமாகப் பிரிந்து இருந்திருக்க வேண்டும். முதல் மனு போட்ட பிறகு 6 மாதம் பொறுத்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை ஆஜராக வேண்டும். 2017-ல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். கஸ்டடி, பராமரிப்பு எல்லாம் முடிந்துவிட்டதா என்பதையும் அதில் பார்ப்பார்கள். இது இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் 2 வருடம் என்று எழுதியிருக்கிறது. கேரள ஹைகோர்ட் அதை 2010-ல் ஒரு வருடமாகக் குறைத்தது, 2022-ல் அந்த ஒரு வருடக் கட்டாயத்தையும் ரத்து செய்தது.

இனி ஒப்பந்தம். 'அம்மா நியாயமான நேரங்களில் பிள்ளையைப் பார்க்கலாம்' என்ற ஒற்றை வரிதான் பிற்பாடு வரும் சண்டைகளில் பாதிக்குக் காரணம். கிழமை, மணி, இடம், யார் வந்து கூட்டிப்போவது என்று எழுதுங்கள். உதாரணமாக: 2-வது, 4-வது சனிக்கிழமை காலை 10 மணிக்கு அம்மா சித்தூர் வீட்டிலிருந்து அழைத்துச் செல்வார், ஞாயிறு மாலை 5 மணிக்கு அங்கேயே கொண்டுவந்து விடுவார். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மெசேஜ். பையனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டின் போட்டோ. தவறிய நாளுக்கு அடுத்த 15 நாளுக்குள் மாற்று நாள். பஸ் ஸ்டாண்டில் கைமாற்றுவதைத் தவிருங்கள். நடைமேடையில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நின்று முறைத்துக்கொள்ளும்போது, பை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பது 7 வயதுப் பையன்.

விடுமுறையில்தான் எல்லைக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். கோவை வக்கீல் டைப் செய்த ஒப்பந்தத்தில் 'காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் பாதி, பொங்கல் விடுமுறை முழுதும் அம்மாவோடு' என்று இருக்கும். பையன் படிப்பது கேரளப் பள்ளியில். இங்கே ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்து நாள் கணக்கில் விடுமுறை, ஏப்ரல் - மே முழு விடுமுறை, ஜூன் முதல் தேதி வாக்கில் பள்ளி திறப்பு. தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாதிரி எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் ஒரே நாள். மாட்டுப்பொங்கலன்று பள்ளி இருக்கும். பையனின் பள்ளி நாட்காட்டியை வைத்துத்தான் எழுத வேண்டும்: 'ஓண விடுமுறையின் முதல் 5 நாள் அம்மாவோடு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடைசி 5 நாள், கோடையில் ஏப்ரல் 10 முதல் மே 5 வரை' என்கிற மாதிரி. பள்ளி மாறினால் அந்தப் பள்ளியின் நாட்காட்டிப்படி என்று ஒரு வரி.

போன்: அருகில் இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரவு 7.30 மணி, எந்த நம்பர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து 'ஸ்கூல்ல அடி வாங்கினதைச் சொல்லாதே' என்று கண்ணால் ஜாடை காட்டுவது, ரெக்கார்ட் போடுவது, இரண்டும் வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு ஷரத்து உண்டு. தாய்மாமன் மடி. காதுகுத்து, பெண் பிள்ளையானால் சீர், இவற்றில் தாய்மாமன் இல்லாமல் காரியம் நடக்காது. விவாகரத்தானாலும் மாமன் மாமன்தான். 'விசேஷத்துக்கு 15 நாள் முன்பு தகவல், தாய்வழி உறவினர் பங்கேற்கலாம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு மண்டப வாசலில் நின்று சண்டை போட்ட குடும்பங்கள் ஏராளம்.

கடைசியாக, இந்த ஷரத்துகள் எல்லாம் தீர்ப்பாணையில் ஏறினால்தான் நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியும். நோட்டரி முத்திரை மட்டும் போட்ட காகிதத்தால் பெரிய பயன் இல்லை. தீர்ப்பாணை வந்த பிறகும் சூழ்நிலை மாறினால் கஸ்டடி ஷரத்தை மாற்றச் சொல்லி மனு போடலாம், நீங்களும் போடலாம், அவரும் போடலாம்.

கேள்வி: நான்தான் பிள்ளையை வளர்க்கிறேன் என்று எப்படி நிரூபிப்பது? வாட்ஸ்அப் மெசேஜ் செல்லுமா? (கொல்லங்கோடு)

பள்ளி டைரியில் உங்கள் கையெழுத்து, பெற்றோர் கூட்டத்தின் வருகைப் பதிவு, உங்கள் கணக்கிலிருந்து போன ஃபீஸ் ரசீது, டாக்டர் சீட்டில் கூட வந்தவர் பெயர், பல் கிளினிக் பில். இவை தேதி வாரியாக ஒரு ஃபைல். அதோடு பிள்ளையின் ஒரு நாளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள், வேன் எப்போது, நீங்கள் வேலையில் இருக்கும்போது 3.30 மணிக்கு யார் வாங்கிக்கொள்கிறார்கள், அவருக்கு என்ன வயது, உடம்பு எப்படி. அப்பாக்கள் வழுக்குவது அந்த 3.30 மணியில்தான். 'அம்மா இருக்காங்க' என்பார்கள். குறுக்கு விசாரணையில் அந்த அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி என்று வெளியே வரும்.

வாட்ஸ்அப் செல்லும். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 14-ம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்ற கறாரைத் தளர்த்தியிருக்கிறது. இருந்தாலும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது மின்னணுப் பதிவுகளுக்கான 2023 சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவின் சான்றிதழை இணைத்துவிடுங்கள். பழைய ஃபோனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

'அம்மா கெட்டவங்க' என்று பிள்ளையைச் சொல்லவைத்து எடுத்த வீடியோவை மட்டும் கோர்ட் பக்கம் கொண்டு போகாதீர்கள். சொல்லிக்கொடுத்த பேச்சு 2 நிமிடத்தில் தெரிந்துவிடும், உங்கள் மனுவையே அது கவிழ்க்கும்.

கேள்வி: 9 வயது மகளைக் கூண்டில் ஏற்றுவார்களா? (கோபாலபுரம்)

ஏற்ற மாட்டார்கள். மேலே சொன்ன படத்தில் அப்பீல் போனால் மகனைச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும் என்றதும் அப்பா பின்வாங்கிவிடுவார். நம் கோர்ட்டுகளில் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார், அல்லது ஆலோசகரைப் பேசவைப்பார். விவரம் புரிந்து விருப்பம் சொல்லும் வயது வந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்பது 1890 சட்டத்தின் 17-ம் பிரிவு. இத்தனை வயது என்று எண் இல்லை. பிள்ளை சொன்னதே முடிவும் இல்லை.

போகும் வழியில் 'யார்கூட இருக்கணும்னு கேட்டா அப்பான்னு சொல்லு' என்று சொல்லாதீர்கள். 'ஒரு அங்கிள் பேசுவாங்க. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. என்ன சொன்னாலும் அப்பா கோவிச்சுக்க மாட்டேன்.' இவ்வளவு போதும். காலையில் வயிறு நிறைய ஊட்டி அனுப்புங்கள். கூப்பிட மதியம் ஆகிவிடும். தண்ணீர், ஒரு கதைப் புத்தகம். வெளியே வந்ததும் 'என்ன கேட்டாங்க?' என்று குடையாதீர்கள்.

கேள்வி: கஸ்டடி கிடைத்துவிட்டது. 10 வயது மகள். சமையலும் தெரியாது, தலைவாரவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? (மீனாட்சிபுரம்)

மாவிலிருந்து. இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை 2 டம்ளர் இட்லி அரிசி, அரை டம்ளர் உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். அரிசி தனியாக, உளுந்தும் வெந்தயமும் தனியாக 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்தை முதலில், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்டுங்கள். ஒரே மூச்சில் தண்ணீரை ஊற்றினால் இட்லி தட்டையாகிவிடும். அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாக ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள். இரவு முழுக்க வெளியே, பொங்கியதும் ஃபிரிட்ஜில். திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை, வியாழன் புளித்துவிட்டால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். பாதி வாரம் காலைச் சமையல் முடிந்தது.

தலைமுடி: நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வாருங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும், பிள்ளை அலறும். சீப்பின் கூர்முனையால் நெற்றியிலிருந்து பிடரி வரை நேர் வகிடு. ஒரு பக்கத்தை ரப்பர் பேண்டில் கட்டி ஓரம் தள்ளிவிட்டு மறுபக்கத்தை மூன்றாகப் பிரித்துப் பின்னுங்கள். காதுக்குப் பின்னால் முதல் இரண்டு பின்னல் இறுக்கமாக இருந்தால் மதியம் வரை அவிழாது. ஈரத் தலையோடு பின்னாதீர்கள், நாற்றம் வரும். முதல் வாரம் வகிடு கோணும். மகளிடம் கண்ணாடியைக் கொடுத்து அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

மாதவிலக்கைப் பற்றி இப்போதே பேசுங்கள். மார்பு அரும்பத் தொடங்கினால் பெரும்பாலும் 2, 3 வருடத்தில் வந்துவிடும். அத்தையோ சித்தியோ சொல்லட்டும் என்று ஒதுங்காதீர்கள். அவர்கள் சொல்லித்தரட்டும், ஆனால் அப்பாவிடமும் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஸ்கூல் பையில் ஒரு சின்னப் பவுச்: 2 நாப்கின், ஓர் உள்ளாடை, சுற்றிப்போட பழைய பேப்பர். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீட்டில் நாப்கின் பாக்கெட் எந்த அலமாரியில் என்று காட்டிவிட்டு, தீரும் முன் நீங்களே வாங்கி வையுங்கள். அவளைக் கேட்கவைக்காதீர்கள்.

கேள்வி: தபால் துறையில் வேலை. விவாகரத்தான ஆண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டா?

உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு, மணமாகாத, மனைவியை இழந்த, விவாகரத்தான ஆண் மத்திய அரசு ஊழியருக்கும் மொத்தம் 730 நாள், 18 வயது வரையுள்ள முதல் 2 பிள்ளைகளுக்கு. முதல் 365 நாள் முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஒரு தடவைக்குக் குறைந்தது 5 நாள், வருடத்துக்கு 3 தடவைக்கு மேல் இல்லை. கேஸ் நடந்துகொண்டிருந்தால் விவாகரத்தானவர் என்ற கணக்கில் வராது. தீர்ப்பாணை நகல் கையில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மனைவிக்கு என்னைவிட அதிகச் சம்பளம். பிள்ளை என்னிடம். பராமரிப்புத் தொகை கேட்கலாமா?

பிள்ளைக்காகத் தாராளமாகக் கேட்கலாம். பிள்ளையைப் பராமரிக்கும் கடமை அப்பா, அம்மா இருவருக்கும் உண்டு. 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். உங்கள் கணக்கும் வெளியே வரும், தயாராக இருங்கள்.

கேள்வி: மகன் துபாயில் வேலை. மருமகள் பிரிந்து போய்விட்டாள். 6 வயதுப் பேரன் என்னிடம்தான் வளர்கிறான். அவள் கேட்டால் நான் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (கோவிந்தாபுரம்)

அம்மா, உங்கள் பெயரில் கஸ்டடி கேட்டால் கஷ்டம்தான். பெற்றவர் ஒருவர் தகுதியோடு வந்து கேட்கும்போது தாத்தா பாட்டியின் உரிமை அதற்குக் கீழேதான் நிற்கும். 2019-ல் தேஜஸ்வினி கவுட் வழக்கில், மனைவியை இழந்த அப்பாவிடம் கைக்குழந்தையைத் தாய்வழி உறவினர் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பு வந்தது. அங்கே கேட்டது அப்பா, இங்கே கேட்பது அம்மா, நியாயம் ஒன்றுதான். மனு உங்கள் மகன் பெயரில் போக வேண்டும். அப்போது நீதிபதி கேட்பார்: நீங்கள் துபாயில் இருந்துகொண்டு எப்படி வளர்ப்பீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் மனு போடுவது வீண் செலவு. மகன் ஊருக்குத் திரும்பும் தேதி, இங்கே பார்க்கப்போகும் வேலை, இவை எழுத்தில் வேண்டும்.

பேரனை அங்கே கூட்டிப்போகும் யோசனை இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திடும் அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். மருமகள் கையெழுத்துப் போட மறுத்தால் அனெக்சர் சி-யில் காரணத்தைச் சொல்லி உறுதிமொழி தர வேண்டும். கஸ்டடி கேஸ் நிலுவையில் இருந்தால் அதை மறைக்கக் கூடாது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் வந்து பார்க்கட்டும், வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிடுங்கள். எந்தெந்த ஞாயிறு வந்தார் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். நீங்கள் தடுக்கவில்லை என்பதற்கு உங்கள் மகன் காட்டக்கூடிய சான்று அது.